மோல்டு சரியாக உட்காரவில்லையா? தோல் பிராக்கி மோல்டில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மூக்கு, காது, உதடு, உச்சந்தலை மாதிரி மேடுபள்ளமான இடத்தில் மேலோட்டமாக வந்த தோல் புற்றுக்கு, அந்த ஆளின் தோலுக்கே அளவெடுத்து ஒரு மோல்டு செய்து, அதற்குள் கதீட்டர் என்கிற மெல்லிய குழாய்களைப் பதித்து, பிராக்கி மெஷினிலிருந்து (பிராக்கிதெரபி, அதாவது கட்டிக்குக் கிட்டே வைத்துக் கதிர் கொடுக்கும் முறை) சோர்ஸை, அதாவது கதிர்மூலத்தை, அதில் ஓடவிட்டுக் கதிர் கொடுப்பது ஒன்றும் புதிய சமாச்சாரம் இல்லை. 1903-லேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் முகத்துத் தோல் கட்டிக்கு ரேடியம் வைத்துப் பார்த்துவிட்டார்கள். 1934-ல் மான்செஸ்டரில் பேட்டர்சனும் பார்க்கரும் எழுதிய விதிகளில், தோலுக்கும் சோர்ஸுக்கும் நடுவே உள்ள உயரத்தை வைத்துத்தான் மோல்டில் ரேடியத்தை அடுக்கும் முறையே அமைந்தது. இப்போது ரேடியம் போய் இரிடியம்-192 வந்துவிட்டது, சில இடங்களில் கோபால்ட்-60. ஆனாலும் தலைவலி அதே உயரம்தான்.

இது மோல்டு ரூமில் கை அழுக்காகிற டெக்னாலஜிஸ்ட்களுக்கும் புதிதாகச் சேர்ந்த பிசிசிஸ்ட்களுக்கும் எழுதியது. டோஸ் எவ்வளவு, எத்தனை ஃபிராக்‌ஷன் (தவணை) என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்வது, அதற்குள் நான் போகவில்லை. சிகிச்சையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், மோல்டு கொஞ்சம் இடறுகிற மாதிரி இருந்தால் கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள், அது போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு, ஏனென்றால் கீழே வருகிற பாதிக் கோளாறு இதில்தான் வந்து முடியும். வழக்கமான மோல்டில் கதீட்டர் தோலிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருக்கும். கட்டி 5 மி.மீ. ஆழம் என்று வைத்தால் சோர்ஸிலிருந்து கட்டியின் அடி 10 மி.மீ. தூரம். மோல்டுக்கும் தோலுக்கும் நடுவே 2 மி.மீ. காற்று புகுந்துவிட்டால் அந்த 10 இப்போது 12. தூரத்தின் வர்க்கத்துக்கு டோஸ் குறையும் என்பதால் 100-ஐ 144-ஆல் வகுத்தால் அடியில் கிடைப்பது 69 சதவீதம். தோல் மேலேயோ 5 என்பது 7 ஆகி, 25-ஐ 49-ஆல் வகுத்து, பாதியாகிவிடும். இது ஒற்றைப் புள்ளி சோர்ஸுக்கான கணக்கு. பத்துப் பன்னிரண்டு கதீட்டர் ஓடும் பெரிய பரப்பில் பக்கத்துக் கதீட்டர்கள் ஈடுகட்டுவதால் இழப்பு இவ்வளவு இருக்காது. மூக்கு நுனியில் மூன்றே கதீட்டர் வைத்த குட்டி மோல்டு என்றால் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் சாயும். வெளிக்கதிர் சிகிச்சையில் 2 மி.மீ. என்றால் பெரும்பாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம், இங்கே முடியாது.

பிளாஸ்டர் மேல் கச்சிதமாக உட்காருகிறது, ஆள் மேல் வைத்தால் ஆடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ஆளின் முகத்தில் அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி முகத்தின் நகலை வார்த்து, அதன் மேல்தான் மோல்டைச் செய்கிறோம். மோல்டைக் குறை சொல்வதற்கு முன் அச்சை எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள்.

முதல் சந்தேகம், ஆள் எந்த நிலையில் இருந்தார் என்பது. உட்காரவைத்து அச்செடுத்து, படுக்கவைத்து சிகிச்சை கொடுத்தால் கன்னம் காது பக்கமாகச் சரிந்துவிடும். வயதானவர் என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே சரியும். சிகிச்சைக்கு எப்படிப் படுப்பாரோ அப்படியே, அதே தலையணையில் படுக்கவைத்துத்தான் அச்செடுக்க வேண்டும்.

இரண்டாவது, அச்செடுக்கும் பசையான ஆல்ஜினேட்டின் எடை. தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கலந்து மூக்கு மேல் அப்பினால் மூக்கு நுனியும் காது மடலும் அமுங்கிய வடிவத்தில்தான் அச்சு வரும். பிளாஸ்டரும் அந்த அமுங்கிய மூக்குக்கே பிறக்கும், மோல்டு அதற்குக் கனகச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உண்மையான மூக்கு கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும். முதல் அடுக்கைத் தளர்வாகக் கலந்து பிரஷ்ஷால் பூசிவிட்டு, அது இறுகிய பிறகு மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் போட்டு விறைப்பு கொடுத்தால் இந்த வம்பு வராது.

மூன்றாவது, அச்சை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. ஆல்ஜினேட் காற்றில் கிடந்தால் தண்ணீரை விட்டுச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். எடுத்த கையோடு பிளாஸ்டர் ஊற்றுங்கள். முடியவே முடியாது என்றால் ஈரத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். நம் ஊர் மே மாதத்தில் இன்னொரு கூத்து உண்டு, குழாய்த் தண்ணீரே சூடாக வருவதால் கலக்கி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீரில் கலக்குங்கள்.

இந்த மூன்றும் இல்லாமலும் ஒருமுறை மாட்டிக்கொண்டோம். மேலுதடும் மூக்கோரமும் சேர்ந்த இடத்தில் கட்டி, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். அச்சு சுத்தம், பிளாஸ்டரில் ஒரு குமிழிகூட இல்லை, வேக்ஸ் மோல்டு அதன் மேல் ஒட்டிக்கொண்டது. சி.டி. அன்றைக்கு அவர் முகத்தில் வைத்தால் உதட்டுப் பக்கம் ஒரு விரல் நகம் போகிற இடைவெளி. டெக்னாலஜிஸ்ட் மோல்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பெரியவர் பேசும்போது வார்த்தை குழறுவதைக் கவனித்துத்தான் கேட்டேன்: “ஐயா, அன்னைக்கு அளவெடுக்கும்போது பல்செட் போட்டிருந்தீங்களா?” “ஆமா தம்பி. இன்னைக்குத்தானே வெளிய இருந்த அம்மா கழட்டி வைக்கச் சொன்னாங்க.” சி.டி.க்கு முன்னால் நகை, கண்ணாடி, பல்செட் எல்லாம் கழற்றச் சொல்வது எங்கள் வழக்கம்தான். பல்செட்டை மாட்டினார், உதடு முன்னால் வந்தது, மோல்டு உட்கார்ந்தது. அதிலிருந்து எங்கள் மோல்டு படிவத்தில் பல்செட், மீசை, தாடி என்று மூன்று கட்டம் சேர்த்துவிட்டோம். மீசையும் தாடியும் ஏன் என்றால், மூன்று நாள் தாடியோடு அச்செடுத்துவிட்டு முதல் ஃபிராக்‌ஷனுக்கு மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு வந்து நிற்பார்கள். கோயிலுக்கு முடி கொடுத்துவிட்டு வந்த உச்சந்தலைக் கேஸும் பார்த்தாயிற்று.

முதல் நாள் சரியாக இருந்தது, பாதியில் தளர்ந்துவிட்டது

ஆளைப் பொறுத்தும் ஆகலாம், பொருளைப் பொறுத்தும் ஆகலாம். கட்டி தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு இருந்தால் சிகிச்சை நடக்க நடக்க அது வற்றும், வற்றிய இடத்தில் காற்று வந்து உட்காரும். மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் பிளான் பழைய மேட்டுக்குப் போட்டது. இது தெரிந்ததும் மறுபடி சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் உள்பக்கம் வேக்ஸ் வார்த்துப் பிளானைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணால் பார்த்து, பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை.

வீக்கம் இதற்கு நேர் எதிர். கதிரால் தோல் சிவந்து வீங்கினால் மோல்டு ஓரத்தில் தூக்கிக்கொள்ளும், பட்டையால் அழுத்தி வைத்தால் வலிக்கும். பட்டையை இன்னும் இறுக்குவதுதான் இங்கே எல்லோரும் முதலில் செய்கிற தப்பு.

பொருளைப் பொறுத்தவரை, வேக்ஸ் மோல்டை ஜன்னலோர அலமாரியில் வைத்தால் வெயிலில் மெல்ல வளையும், எடுத்துப் பார்க்கும்போது உடைந்திருக்காது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. பிளாஸ்டர் அச்சை எறியாமல் வைத்திருந்து, மோல்டை எப்போதும் அதன் மேலேயே உட்காரவைத்து ஏசி அறையில் வையுங்கள். தெர்மோபிளாஸ்டிக் ஷீட் என்றால் கோளாறு முதல் நாளிலேயே விதைக்கப்பட்டிருக்கும். 65, 70 டிகிரித் தண்ணீரில் இளக்கி முகத்தில் படியவைத்த பிறகு, மேலே தொட்டால் கெட்டியாகிவிட்டதே என்று அவசரமாக எடுத்தால், மிச்சச் சூடு ஆறும்போது அது வெளியே கிடந்து சுருங்கும். பத்து நிமிடம் பேசிக்கொண்டே முகத்திலேயே விட்டுவைப்பது நல்லது.

சி.டி.யில் மோல்டுக்கு அடியில் கறுப்புப் பிறை தெரிகிறது

பதறுவதற்கு முன் விண்டோவை, அதாவது படத்தில் எது கறுப்பு, எது வெளுப்பு என்று பிரிக்கும் வரம்பை, மாற்றிப் பாருங்கள். மென்திசு விண்டோவில் வேக்ஸே கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் அதன் சி.டி. எண் கொழுப்பைப் போல மைனஸ் நூறு வாக்கில் இருக்கும். நுரையீரல் விண்டோவுக்குப் போனால் வேக்ஸ் வெளுத்து, காற்று மட்டும் கறுப்பாக நிற்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட அங்கே தப்பாது, சி.டி. வெட்டு 1 மி.மீ. தடிமனில் எடுத்திருந்தால். 3 மி.மீ.யில் எடுத்துவிட்டு இடைவெளியே இல்லை என்று சொன்னால் அதற்கு அர்த்தம் இல்லை.

உண்மையிலேயே காற்றுதான் என்றால், எங்கே என்று பாருங்கள். ஓரத்தில், கட்டிக்கும் அதன் விளிம்புக்கும் வெளியே என்றால் குறித்துக்கொண்டு விட்டுவிடலாம். கட்டி மேலேயே என்றால் அந்த இடத்தில் மட்டும் உள்பக்கம் இளகிய வேக்ஸை வார்த்து, ஆள் மேல் வைத்துப் படியவைத்து, திரும்ப சி.டி. எடுக்க வேண்டும். வார்க்கும் வேக்ஸ் கைப்பொறுக்கும் சூடுதானா என்று முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், கதிர் பட்ட தோலுக்குச் சூடு தெரிவதே வேறு மாதிரி. சிலர் இடைவெளியில் வாசலினையும் அல்ட்ராசவுண்ட் ஜெல்லையும் அப்பிவிடுவார்கள். மூக்கு மடிப்பு மாதிரி சந்தில் கொஞ்சமாக ஜெல் வைப்பது சரி. அதுவே பள்ளத்தை நிரப்புகிற சிமென்ட் ஆகிவிட்டால், இன்று வைத்த தடிமன் நாளை வராது. தவிர, ஜெல் காற்றை விரட்டும், தூரத்தைக் குறைக்காது.

ரெடிமேட் சிலிக்கான் ஃபிளாப்பிலும் இதே பிறை வரும். ஃப்ரைபர்க் ஃபிளாப் என்று சொல்லும் அந்தக் கோலிகுண்டுப் பாய் 10 மி.மீ. குண்டுகளால் ஆனது, நடுவே கதீட்டர் ஓடுவதால் உயரம் தானாகவே 5 மி.மீ., வரிசைக்கு வரிசை 10 மி.மீ. முதுகு, கால், உச்சந்தலை என்றால் அதற்கு ஈடு கிடையாது. மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் அது மடங்காமல் விறைத்து நிற்கும், அங்கே போராடாதீர்கள், தனி மோல்டு செய்துவிடுங்கள்.

மெஷின் கதீட்டரில் அடைப்பு என்கிறது

நிஜ சோர்ஸுக்கு முன்னால் டம்மி கேபிள் ஓடிப் பார்ப்பது இதற்காகத்தான், அது திட்டினால் சந்தோஷப்படுங்கள். முதலில் இணைப்பைப் பாருங்கள், மெஷினையும் கதீட்டரையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் டியூப் ‘டிக்’ என்று முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று. பாதி அடைப்பு அங்கேயே தீரும். அப்புறம் மோல்டுக்கு வெளியே கதீட்டர் படுக்கைக் கம்பியில் மடிந்திருக்கிறதா, தலையணைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால் கோளாறு மோல்டுக்குள். காதைச் சுற்றிக் கதீட்டரை வளைக்கும்போது வளைவு அதிகமானால் கேபிள் திரும்பாது. எவ்வளவு ஆரம் வரை போகலாம் என்று உங்கள் மெஷினின் கையேட்டில் போட்டிருக்கும், அந்த எண்ணை மோல்டு ரூம் சுவரில் ஒட்டிவையுங்கள்; அதே ஆரத்தில் ஒரு மரத்துண்டை வெட்டிவைத்தால் இன்னும் நல்லது, கதீட்டரை அதன் மேல் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதிக்கலாம். சூடான வேக்ஸோ ஷீட்டோ பட்டுக் கதீட்டரே சப்பையாகியிருந்தாலும் இதே செய்தி வரும். பதிக்கும்போது உள்ளே ஒரு கம்பியை விட்டுவைத்து, எல்லாம் ஆறிய பிறகு உருவினால் சப்பையாகாது. ஏற்கெனவே சப்பையான கதீட்டரைச் சூடுகாட்டி நிமிர்த்தி, டம்மி ஒருமுறை போய்வந்துவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். புதிது மாற்றி, திரும்ப சி.டி.

பிளானில் சோர்ஸ் மோல்டைவிட்டு வெளியே நிற்கிற மாதிரி தெரிகிறது, அல்லது வரிசை மாறித் தெரிகிறது

சி.டி.யில் கதீட்டர் தெரிவதற்காக உள்ளே விடும் மார்க்கர் கம்பி நுனி வரை போயிருக்காது. வழுவழு வளைவில் கம்பி 4, 5 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும், நீங்கள் அதையே நுனி என்று குறித்தால் சோர்ஸ் நிற்கும் இடமெல்லாம் அத்தனை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஒவ்வொரு கதீட்டரின் நீளத்தையும் அளவுகோல் கம்பி விட்டு அளந்து எழுதுங்கள், எல்லாம் ஒரே பாக்கெட்டில் வந்தவைதானே என்று விடாதீர்கள், மோல்டுக்காக நாம் வெட்டியிருப்போம்.

வரிசை மாறினால் எண்தான் காரணம். கதீட்டரில் எண் எழுதிய டேப் வியர்வையில் கழன்று விழும். மோல்டின் மேலேயே, கதீட்டர் நுழையும் இடத்தில் எண்ணைச் சுரண்டி எழுதிவிட்டால் அழியாது. எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் காது என்று ஒரு அம்புக்குறியும் போடுங்கள். கிட்டத்தட்டச் சதுரமான மோல்டைத் தலைகீழாக வைப்பது ரொம்பச் சுலபம்.

ஒரு பக்கம் மட்டும் தோல் அதிகமாக வெந்திருக்கிறது

சிவப்பதும், இரண்டு மூன்று வாரத்தில் தோல் உரிந்து ஈரமாவதும், பொருக்குத் தட்டுவதும் எதிர்பார்த்ததுதான். சிகிச்சை முடிந்த பிறகு கொஞ்ச நாள் கூடுதலாகத் தெரிந்து, பிறகு சில வாரங்களில் ஆறும். இதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டால், பாதி ராத்திரியில் போன் வராது. ஆனால் கோடு போட்ட மாதிரி சிவந்திருந்தாலோ, கட்டியின் ஒரு ஓரம் வெந்து மறு ஓரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தாலோ மோல்டைக் கையில் எடுங்கள்.

கோடு என்றால் அந்த இடத்தில் கதீட்டர் தோலுக்கு ரொம்பக் கிட்டே வந்திருக்கிறது. மோல்டைச் சுரண்டிச் சரிசெய்யும்போது உள்பக்கம் மெலிந்திருக்கலாம். மூக்குத் தண்டு மாதிரி மேடான இடத்தில் கதீட்டர்கள் இரு பக்கமிருந்தும் உள்ளே பார்த்துக் குவிவதால் நடுவே டோஸ் ஏறும். குழிவான இடத்தில், உதாரணத்துக்கு மூக்கும் கன்னமும் சேரும் மடிப்பில், விரிவதால் இறங்கும். பிளானில் சோர்ஸ் நிற்கும் நேரத்தை மாற்றி இதை ஓரளவு சமாளிக்கலாம். கதீட்டர் வரிசையே ஒரு பக்கம் 7 மி.மீ., மறுபக்கம் 14 மி.மீ. என்று ஓடினால் எந்தக் கம்ப்யூட்டரும் காப்பாற்றாது. தோலின் மேல் டோஸ் எவ்வளவு ஏறியது என்று பிளானில் தனியாகப் பார்க்கும் பழக்கம் பல பேருக்கு இல்லை, 5 மி.மீ. ஆழத்தில் நூறு சதவீதம் வந்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஓரம் மட்டும் என்றால் மோல்டு தினமும் நகர்ந்து உட்காருகிறது. தோலில் மார்க்கரால் மோல்டின் விளிம்பை வரைந்து, முதல் நாள் நேரிலும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் வைக்க வேண்டும். மோல்டின் நடுவில், கதீட்டர் போகாத இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டு, அதன் வழியே தோலில் வைத்த புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

ஈயம் வைத்தும் ஈறு புண்ணாகிறது

உதட்டுக்கு உள்ளே ஒரு மில்லிமீட்டர் ஈயத்தகடு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? இரிடியத்தின் கதிரைப் பாதியாக்கவே ஏறத்தாழ 3 மி.மீ. ஈயம் வேண்டும், ஒரு மில்லிமீட்டர் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். எலக்ட்ரான் சிகிச்சையில் பழகிய கை இதில் ஏமாந்துபோகும். தகட்டைவிடத் தூரம்தான் உதவும். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே தடிமனாக வேக்ஸ் வைத்துத் தள்ளுங்கள், அதற்குள் ஈயத்தையும் புதைத்துவிடுங்கள். வெற்று ஈயம் சளிப்படலத்தில் படக்கூடாது, அதிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களே தனியாகப் புண் பண்ணும்.

சிகிச்சை நேரம் போன வாரத்தைவிடக் கூடிவிட்டது

கோளாறு இல்லை. இரிடியத்தின் அரையாயுள் 74 நாள், நாளுக்கு ஒரு சதவீதம் மாதிரி குறையும். போன வாரம் 6 நிமிடம் என்றால் இந்த வாரம் 6 நிமிடம் 24 விநாடி. மூன்று மாதம் ஓடிய சோர்ஸை மாற்றிய மறுநாள் 12 நிமிடம் ஓடியது 5 நிமிடத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும், அதற்கும் பயப்பட வேண்டாம். இந்தக் கணக்குக்குப் பொருந்தாமல் கூடினாலோ குறைந்தாலோதான் நிறுத்திவிட்டு, வேறு ஆளின் பிளான் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

த்ரீ-டி பிரிண்ட் மோல்டில் கதீட்டர் நுழையவில்லை

கதீட்டர் 2 மி.மீ. என்றால் சுரங்கத்தையும் 2 மி.மீ. என்று வரைந்திருப்பீர்கள். பிரிண்டில் ஓட்டை எப்போதும் சுருங்கியே வரும், அதிலும் வளைவில். கொஞ்சம் பெரிதாக வரைந்து சின்னத் துண்டு ஒன்றை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி வெற்றிடம் விடாமல் முழுதாக நிரப்பி அச்சிடுங்கள், இல்லாவிட்டால் மோல்டே பாதி காற்று. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும், வெயிலில் நின்ற காரில் வைத்து எடுத்துவந்தால் அது வேறு ஒருவருடைய மூக்குக்கு மோல்டு.

மோல்டைக் கழற்ற அரை நிமிடம் ஆகிறது

யாரும் இதைக் கோளாறாக எண்ணுவதில்லை. சோர்ஸ் திரும்பாமல் மாட்டிக்கொண்டால், முதலில் அவசரப் பட்டன், பிறகு கையால் சுற்றி இழுப்பது, அதற்கும் வராவிட்டால் மோல்டைக் கதீட்டரோடு கழற்றி ஈயப் பெட்டிக்குள் போடுவது என்று வரிசை இருக்கிறது. தோல் மேல் வைக்கும் மோல்டுக்கு இருக்கும் பெரிய வசதியே அந்தக் கடைசிப் படிதான், உடம்புக்குள் ஊசி எதுவும் இல்லை. அந்த வசதியை நாமே ஒட்டுப் பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக் கெடுத்துவிடுகிறோம். இரண்டே வெல்க்ரோ பட்டை, இரண்டின் நுனியும் ஒரே பக்கம், அதுவும் நீங்கள் அறைக்குள் ஓடிவரும் பக்கம். முதல் ஃபிராக்‌ஷனுக்கு முன்னால் சோர்ஸ் இல்லாமல் ஒருமுறை ஓடிவந்து கழற்றிப் பாருங்கள், வெளியே ஒருவரை வாட்சோடு நிற்கவைத்து. நாங்கள் முதன்முதலில் செய்து பார்த்தபோது 34 விநாடி ஆனது. பட்டையை மாற்றியபின் 7.